சோத்துக்கை

பழவேற்காடு ஏரியில் காலை வெயில் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு வருகிறது. தூரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் டாக்டர் சாலிஹாவைத் திருவள்ளூரில் பிடிக்க முடியாது. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கழுத்தில் பைனாகுலரோடு இங்கே சேற்றில் நிற்பாள். இன்றைக்கு அவள் பார்ப்பது பறவையை அல்ல, படகில் நிற்கும் எத்திராஜின் வலது கையை. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் அவன் கட்டைவிரலைத் தின்றுவிட்டது. காலிலிருந்து ஒரு விரலை எடுத்து அந்த இடத்தில் தைத்தவள் இவள்தான். சின்ன ஊரில் இதெல்லாம் வேண்டாம், சென்னைக்கு அனுப்பிவிடு என்றார்கள் எல்லோரும். அந்த விரல் இப்போது மூங்கில் கழியை வளைத்துப் பிடித்திருக்கிறது.

“ஏத்திவுடு எத்திராஜ்” என்று அவள் கையை நீட்டுகிறாள். கழியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை நீட்ட வந்தவன், பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிகிறான்.

“இன்னாப்பா, வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்ல டாக்டரம்மா. எடக்கையக் குடுத்தா மரியாத இல்ல. சோத்துக்கையக் குடுத்தா, உங்க மேல கால் பட்ருமே!”

அவள் சிரிக்கிற சிரிப்பில் பூநாரைகள் தலை தூக்கிப் பார்க்கின்றன.

“சோறு எதால பெசஞ்சு துன்றே?”

“இதாலதான்.”

“அப்போ அது கைதான். குடு.”

கொடுக்கிறான். இழுத்த ஒரே இழுப்பில் அவள் படகுக்குள் வந்து விழுகிறாள். அவள் மணிக்கட்டில் ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருக்கின்றன.