தகப்பனார் முன்னால்

ஷ்கோதர் நகரத்து ஆஸ்பத்திரியில், பத்துக்கு எத்தனை வலி என்று நர்ஸ் திராந்தே கேட்டாள். போர்வையைக் கடித்துக்கொண்டிருந்த கிழவர் பிரெங்க், "பூஜ்யம்" என்றார். வலி இருப்பதாக அவர் சொன்னால்தான் மார்ஃபினைக் கூட்ட முடியும்.

அவருடைய மகன்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். "இப்ப யாருமில்ல பெரியவரே. வீம்பு போதும்."

"ஜன்னலோரம் அப்பா நிக்கிறாரே. அவர் முன்னால எங்க வீட்டு ஆம்பளை முனகலாமா?"

ஜன்னலோரம் யாரும் இல்லை. திராந்தேயும் அவரைப் போல, செத்துப்போன பெரியவர்களுக்கும் மரியாதை கொடுக்கும் மலைநாட்டுக்காரிதான். மார்பில் கைவைத்து, "ஐயா, கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

கதவு திறந்தது. தாழ்வாரத்தில் மகன்கள் எழுந்து, தொப்பியைக் கழற்றி வழிவிட்டார்கள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

"பத்தும்மா!" கிழவர் வாய்விட்டு அலறினார்.

ஊசி போட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். மகன்கள் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு நின்றிருந்தார்கள்.

மூத்தவன் தாழ்ந்த குரலில், "உள்ள கத்தினது யாருன்னு தாத்தா கேக்கறார்" என்றான்.

திராந்தே அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்: "நான்தான் ஐயா. கதவுல விரல் நசுங்கிடுச்சு."