பேசாத அத்தை

“எம் பேரு கலாதேவிங்க. ஈப்போ யூனிவர்சிட்டியிலேருந்து வாரேன்” என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கூசாமல் சொன்னாள் தினேஸ்வரி.

பல்கலைக்கழகம் உண்மை. பெயர்தான் பொய்.

கதவைத் திறந்த வீரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இன்சூரன்ஸா? தண்ணி வடிகட்டுற மெசினா?”

“ஒண்ணும் விக்க வரல ஆன்ட்டி. சுகாதார ஆய்வு. கொஞ்சம் கேள்வி, வெரல்ல ஒரு குத்து, அவ்வளவுதான்.”

“அப்பச் சரி. உள்ள வாம்மா.”

வீரம்மா வேறு யாருமல்ல, தினேஸ்வரியின் சொந்த அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. தினேஸ்வரிக்குக் காது குத்திய விருந்தில், ரசத்தில் உப்பில்லை என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டார். ரசம் வைத்தது தினேஸ்வரியின் அம்மா. அன்றைக்கு நின்ற பேச்சுவார்த்தை இன்றுவரை தொடங்கவில்லை.

அம்மாவைவிட அப்பாவுக்குத்தான் ஆத்திரம் அதிகம். “இனிமே அவ வீட்டு வாசல மிதிச்சா எம் பேர மாத்திக்கிறேன்!” என்று தீபாவளிக்குத் தீபாவளி, அடுப்படியில் இருக்கும் அம்மாவின் காதில் விழுகிற மாதிரி சத்தியம் செய்வார்.

குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளைகளுக்கென்று செமஸ்டர் விடுமுறையில் ஓர் ஆய்வுப் பயிற்சி. ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களை நோய் ஏன் இப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். ஆயர் தாவார் பக்கம் குலுக்கலில் விழுந்த வீடுகளில் ஒன்று, அத்தை வீடு. சொந்தக்காரர்களைப் பேட்டி எடுக்கக்கூடாது என்பது விதி. பேசாத அத்தை சொந்தத்தில் சேர்த்தியா என்று விதியில் எழுதியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தாள். அன்றைக்கு அப்பா விடிந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஈயம் தோண்டிய பழைய குட்டைக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார். யார் வீட்டுக்குப் போகிறாய் என்று துருவிக் கேட்க வேறு ஆள் இல்லை.

வீடு சின்னதுதான். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது, தோட்டத்து லயத்தில் குடியிருந்த ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. அடுப்படியிலிருந்து மட்டன் பிரட்டல் வாசம் ஆளைத் தூக்கியது.

“வீட்ல யார் யாரு இருக்கீங்க அத்…” தினேஸ்வரி இருமி விழுங்கினாள். “அதாவது, ஆன்ட்டி?”

“நான் ஒரு ஆளுதான். மகன் சிங்கப்பூர்ல.”

“உங்களுக்கு நீரிழிவு உண்டா?”

“என்னாது?”

“இனிப்பு நீரு. அதான், சீனி. இந்த வீட்ல சீனி இருக்கா?”

வீரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சீனியா? ஞாயித்துக்கெழம மட்டும் இருக்கும்லா.”

“அப்படி வராதுங்க. இருந்தா எல்லா நாளும்தான் இருக்கும்” என்று தினேஸ்வரி பொறுமையாக விளக்கினாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அப்படியே வந்தது.

“ஓ, அப்படியா? படிச்ச பிள்ள சொன்னா சரிதான்.” வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கிளினிக்குக்கு ஒழுங்காப் போறீங்களா?”

“எங்கம்மா போறது? தோட்டம் இருந்தப்ப லோரில ஏத்திக்கிட்டுப் போவாங்க. இப்போ பஸ்ஸும் கெடையாது. கிராப் டாக்சி கூப்பிட்டா, தூரம்னு கான்சல் பண்ணிர்றான்.”

“கூட்டிட்டுப் போக சொந்தக்காரங்க யாரும் இல்லியா?”

வீரம்மா பெருமூச்சு விட்டார். “தம்பி மக ஒருத்தி இருக்கா. ஒன் வயசுதான் இருக்கும். நடக்கப் பழகுறப்ப என் சேலையப் பிடிச்சிக்கிட்டேதான் திரிவா. இப்போ இந்த மாதிரி எதிர்ல வந்து ஒக்காந்தாகூட எனக்கு அடையாளம் தெரியாதும்மா.”

தினேஸ்வரி கேள்விப் படிவத்தை மூடி வைத்தாள். உப்பில்லாத ஒரு ரசத்துக்காக இத்தனை வருசமா? அப்பாவுக்குத்தான் என்ன கல் நெஞ்சு! இந்த மனுஷி ஒற்றை ஆளாக நோய்நொடியில் கிடந்தால்கூட எட்டிப் பார்க்க மாட்டாரா?

அத்தையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். ஊசியைப் பிரித்தாள். விதியும் வேண்டாம், பேட்டியும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. முகக்கவசத்தின் காது நாடாவில் கை வைத்தாள்.

“ஆன்ட்டி, நான் உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும்.”

“சொல்லலாம், சொல்லலாம். ஈப்போவுக்கா ஓடிறப் போற?” வீரம்மா தன் கையை மெல்ல உருவிக்கொண்டார். “எனக்கு அப்புறமாக் குத்து. என்னைவிட அவசரமா இங்க ஒரு ஆளுக்குப் பாக்க வேண்டியிருக்கு.”

சொல்லிவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி ஓங்கிக் குரல் கொடுத்தார்:

“டேய் சீனி, வாயத் தொடச்சிக்கிட்டு வெளிய வாடா! ஒம்மவ ரத்தம் எடுக்க வந்திருக்கா!”