அசல் அழுகை

கணினி உருவாக்கும் குரல்கள் சலித்துவிட்டன. ‘அசல் அழுகை’ முத்திரை இல்லாத பாட்டை இப்போது யாரும் கேட்பதில்லை. இசையமைப்பாளன் ஆதவனின் புது மெலோடிக் ஹவுஸ் நடனப் பாட்டு ஊரெல்லாம் ஓடியது. அதில் அழுவது அவன் மனைவி ஓவியா. அவள் அம்மா இறந்த அன்று அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்தது.

அதன் ரீமிக்ஸ்களுக்கு இசை நிறுவனத்தார் புது அழுகை கேட்டார்கள்.

“மாமாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று மருத்துவமனையில் கிடந்த ஓவியாவின் அப்பாவைப் பற்றி ஆதவன் தினமும் விசாரித்தான்.

“என்ன திடீர் அக்கறை?”

மருத்துவமனை அழைப்பை அவன்தான் எடுத்தான். கேட்டு முடித்ததும் மைக்கை அவள் பக்கம் திருப்பினான். பிறகுதான் சொன்னான்.

“ஓவி, அப்பா போயிட்டாரு.”

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அழுதுடும்மா. மனசுல வெச்சுக்காத.”

“நீ செத்தா அழறேன்.”

அப்பாவை எடுக்கும்போதும் அவன் சட்டைப்பையில் அந்த விளக்கு எரிந்தது.

“கல்நெஞ்சக்காரி,” என்றாள் சித்தி.

ஓவியா அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டாள்.