வெள்ளைச் சீட்டு

"பிரெஞ்சுக்காரன் போயி இருவது வருஷமாச்சு. அவனே கை வெக்காததுல இவன் கை வெச்சிட்டான்!"

பலராமன் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நெல்லித்தோப்புக்காரர், மில் தொழிலாளி. ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். கத்திய கத்தலில் கொதிப்பு இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. போன வாரம் வரை நோய்க்கு ஒரு கலர் சீட்டு. காய்ச்சலுக்குப் பச்சை, கண்ணுக்கு நீலம், காசநோய்க்குச் சிவப்பு. அதே கலர் அடித்த கதவைப் பார்த்துப் போனால் போதும். எழுத்து தெரியவேண்டியதில்லை.

புதிதாக வந்த பெரிய டாக்டர் அதை மாற்றிவிட்டார். கதவுக்கெல்லாம் வெள்ளை அடித்து, அறைகளையும் இடம் மாற்றியாயிற்று. இப்போது எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சீட்டு, அதில் ஒரு நம்பர். எந்த நம்பர் எந்த நோய்க்கு, எந்த அறை என்று தூணில் ஒரு அட்டவணை. அதைப் படிக்கத் தெரியாத சனம் கதவு கதவாக முட்டிக்கொண்டிருந்தது.

பலராமன் சும்மா இருப்பாரா? சங்கத்தில் ஊறியவர். பெஞ்சில் உட்கார்ந்தபடியே மனு எழுதிவிட்டார். பழையபடி கலர் சீட்டே வேண்டும். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சியிடம் மை டப்பாவை நீட்டினார். வீராம்பட்டினத்திலிருந்து வந்தவள். காலையிலிருந்து மூன்று கதவு ஏறி இறங்கிவிட்டாள்.

"வைம்மா கைநாட்டு."

"வேணாம்ணே."

"உன்னாட்டம் படிக்காதவங்களுக்காகத்தான்மா நான் தொண்டை கிழியக் கத்துறேன்!"

"நான் விசாரிச்சிப் போயிக்கிறேண்ணே."

"இதான் நம்ம சனம். நல்லது செஞ்சாலும் ஏத்துக்காது." பலராமனுக்கு எரிச்சலாக வந்தது. "சரி, சீட்டைக் குடு. எந்த ரூமுன்னு நானே பாத்துச் சொல்றேன்."

அவள் சீட்டை மடியில் மறைத்தாள். அவர் விடவில்லை. உரிமையோடு வாங்கிப் பிரித்தார்.

"ஏழாம் நம்பர்..." தூணை நிமிர்ந்து பார்த்தார். "ஏழு... காசநோய்."

சத்தமாகத்தான் படித்தார். சீட்டை அவசரமாகப் பெஞ்சில் வைத்துவிட்டு மறுகோடிக்கு நகர்ந்துகொண்டார். எதிரே இருந்த ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

அஞ்சலாட்சி சீட்டை எடுத்துக்கொண்டாள். அவமானத்தில் முகம் சிறுத்துப் போயிருந்தது. ஆனால் குரலில் கோபம் இல்லை.

"செவப்புச் சீட்டு இருந்தப்ப நான் யாரையும் வழி கேட்டதே இல்லண்ணே. எல்லாரும் இப்பிடித்தான், தானா ஒதுங்கி வழி விட்டாங்க."