பங்க் அத்தைக்கு ஒரு கார்

அத்தையைத் தீர்த்துக்கட்ட சோடாபுட்டி தேர்ந்தெடுத்த ஆயுதம், ஒரு புத்தம் புதிய எலெக்ட்ரிக் கார்.

கண்ணாடியின் தடிமனால் அவனுக்கு அந்தப் பெயர். அத்தைக்குக் குழந்தைகள் இல்லை. மாமா விட்டுப்போன பெட்ரோல் பங்க்கை அவளே கட்டி ஆண்டாள். தனக்குப் பிறகு அது அண்ணன் மகனுக்குத்தான் என்று எல்லார் எதிரிலும் சொல்லியும் இருந்தாள். ஆனால் அந்தப் ‘பிறகு’ வருகிற வழியாகத் தெரியவில்லை. அறுபதைத் தாண்டியும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். இவனோ கல்லாவை எட்டிப் பார்க்கக்கூட முடியாமல், டயருக்குக் காற்றடிக்கும் குழாயோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தான்.

வழி காட்டியது கைப்பேசி. கொஞ்ச காலமாகவே ஊரில் எல்லாருடைய போனுக்கும் ஒரே மாதிரிச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. மழையில் எலெக்ட்ரிக் காருக்குச் சார்ஜ் போட்டால், போட்டவர் கரிக்கட்டை. தேங்கின தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருப்பவர் உடம்பெல்லாம் கரண்ட். பேட்டரிக்கு மேல் உட்கார்ந்து உட்கார்ந்தே இதயம் ஒருநாள் நின்றுவிடும். ஒவ்வொன்றின் அடியிலும் ‘அனுபவப்பட்ட எஞ்சினியர்’ என்று போட்டிருந்தது.

ஊரே மிரண்டுபோனது. சோடாபுட்டிக்கு மட்டும் நாக்கில் எச்சில் ஊறியது. கத்தி வேண்டாம், விஷம் வேண்டாம். யார் கேட்டாலும் விபத்து.

தவணையில் வாங்கினான். தவணை முடிவதற்குள் அத்தை முடிந்துவிடுவாள் என்று கணக்கு.

பங்க் வைத்திருப்பவள் வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்றுதான் உள்ளூர உதறல். அவளோ காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“எனக்காடா? சத்தமே இல்லாம பூனை மாதிரி போகுதே! ஆனா பங்க் பக்கம் மட்டும் கொண்டு வர மாட்டேன்ப்பா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?” என்று சொல்லிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் மழை கொட்டியது.

“அத்தை, கார்ல சார்ஜ் கம்மியா இருக்கு. போட்டுடுங்களேன்.”

“நீயே போடேன்டா.”

“கால் சுளுக்கிக்கிச்சு அத்தை.”

முணுமுணுத்துக்கொண்டே குடையோடு வெளியே போனாள். சோடாபுட்டி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டான். முகத்தை மட்டும் முன்கூட்டியே சோகமாக வைத்துக்கொண்டான்.

கதவு திறந்தது. “நல்ல மழைடா. டீ போடறேன், குடிக்கறியா?”

பரவாயில்லை, தண்ணீர் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ரயில் பாலத்துக்கு அடியில் மழைநீர் தேங்கிய அன்று, “அந்தப் பக்கம் போனா சீக்கிரம் போயிடலாம் அத்தை” என்று ஆசை காட்டினான்.

“எனக்கு அந்த வழி தெரியாது. நீயும் ஏறு.”

“நானா?”

காலரைப் பிடிக்காத குறையாக ஏற்றிக்கொண்டாள். கார் தண்ணீரில் இறங்கியதும் இரண்டு கால்களையும் சீட்டின்மேல் தூக்கி வைத்து, எந்த இரும்பிலும் படாமல் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடினான் சோடாபுட்டி.

“என்னடா, அடைகாக்கற கோழி மாதிரி குந்திட்டிருக்க?”

கண்ணைத் திறந்தபோது கார் மேட்டில் ஏறியிருந்தது. பின்னால் இரண்டு பெட்ரோல் கார்கள் தண்ணீருக்குள் இருமிக்கொண்டு நின்றன.

மிச்சமிருந்தது இதயம். வாரம் தவறாமல், தூரத்து உறவுக்காரர்களையெல்லாம் தேடிப்பிடித்து, அவர்கள் வீட்டுக்கு அத்தையைக் காரில் அனுப்பிவைத்தான். கடைசியில் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

“பிரஷர் எல்லாம் கச்சிதமா இருக்கு. அத்தைய விடுங்க, நீங்கதான் இளைச்சுப் போயிட்டீங்க. ஏதாவது மனக்கவலையா?” என்று கேட்டார் டாக்டர்.

காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசலில் புகையைக் கக்கிக்கொண்டு போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஒரு இன்ஸ்பெக்டரும் பெண் போலீஸும் இறங்கினார்கள்.

“அத்தைக்கு எலெக்ட்ரிக் கார் வாங்கிக் குடுத்தது நீங்கதானா?”

சோடாபுட்டி வாசற்படியை விட்டு ஒரு அடி பின்வாங்கினான். “சார்... அவங்களுக்கு ஒண்ணும் ஆகல சார். நல்லாத்தான் இருக்காங்க. நான் சும்மா...”

“தெரியும். கூப்பிடுங்க அவங்கள.”

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அத்தை வந்தாள். இன்ஸ்பெக்டர் பணிவாக வணக்கம் வைத்தார்.

“எஞ்சினியர் மேடம், கிளம்பலாமா?”

அத்தையின் முகம் வெளுத்தது.

“எலெக்ட்ரிக் கார் கடைக்காரங்க எல்லாம் சேர்ந்து புகார் குடுத்திருக்காங்க. ஷாக் அடிக்கும், இதயம் நிக்கும்னு பரவின அத்தனை புரளியும் உங்க போன்லேர்ந்துதான் கிளம்பியிருக்கு. ஒரு கடைய மூடியே விட்டாங்க.”

“பின்ன என்னங்க? எல்லாரும் அந்தக் கார வாங்கிட்டா என் பங்க்ல ஈ ஓட்டவா?” என்றாள் அத்தை. ஜீப்பைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “நான் என் கார்லயே வர்றேனே. இந்தப் புகை எனக்கு ஒத்துக்காது.”

பெண் போலீஸ் அவளை ஜீப்பிலேயே ஏற்றினாள்.

சோடாபுட்டி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஊரே அந்தப் புரளிய நம்பிச்சு. ஒரு வார்த்தைகூட நம்பாம, பெத்த தாய் மாதிரி இருக்கிற அத்தைக்கே அந்தக் கார வாங்கிக் குடுத்தீங்க பாருங்க... உங்கள மாதிரி விவரமானவங்க நாலு பேர் இருந்தா போதும் சார்!”