எங்கே குத்தியது

பிரம்பு வெட்டுகிற ஊர் அது. முள் எடுத்துவிடுகிறவர், அது எங்கே குத்தியது என்று கேட்கக் கூடாது. காட்டில் தன் புதர் எதுவென்று வெட்டுகிறவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டான். அதனால் புருஷன் ஒண்டிவீரன் நீட்டிய பாதத்தை மாரக்காள் ஒன்றும் கேட்காமல் மடியில் வாங்கிக்கொண்டாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. காலையில்தான் அவள் தம்பி சின்னாண்டியைக் காட்டுக்குள்ளிருந்து விலங்கு போட்டு இழுத்துப் போயிருந்தார்கள்.

"எந்த நாய் காட்டிக் கொடுத்துச்சோ" என்றான் ஒண்டிவீரன். "நான் மேட்டுக்காட்டுல கெடந்தேன். இங்க இருந்திருந்தா மச்சானை விட்டிருப்பனா?"

மேட்டுக்காட்டுப் பிரம்புக்கு முள் மஞ்சள். ஊசி முனையில் நெம்பி வந்தது கன்னங்கரேலென்று இருந்தது. கறுப்பு முள் பிரம்பு அந்த வட்டாரத்திலேயே கீழே சதுப்பு ஓரம் ஒரு புதர்தான். அதற்குள்தான் தம்பியை ஒளித்துவைத்து, அவள் ஒருத்தியாகச் சோறு கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். இடத்தைப் புருஷனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"எங்கங்க குத்துச்சு?"

அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "அதைக் கேக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் மாரக்காள். முள்ளை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஊசியை அடுப்புத் தணலில் சிவக்கச் சிவக்கக் காட்டினாள்.

"இன்னும் உள்ள இருக்கு. காலைக் குடுங்க."