பதில் வராததால் சம்மதம்

கால் எலும்பு முறிந்து இரண்டு மாதமாக வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஜெசிந்தாவுக்கு, அலுவலக மெயில்கள் பாதிதான் வந்தன. கணினிப் பிரிவுக்கு நான்கு முறை போன் செய்தாள். "சரி பண்ணியாச்சு மேடம், விவரம் மெயில்ல அனுப்பியிருக்கோம்" என்றார்கள், நான்கு முறையும்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் ஊன்றுகோலோடு அலுவலகத்துக்கே போய்விட்டாள். அவளுடைய மேஜைக் கணினியை இத்தனை நாளும் யாரும் அணைக்கவேயில்லை. வருகிற மெயிலை, வீட்டிலிருக்கும் அவளுக்குக் கிடைக்குமுன் அது முந்திக்கொண்டு இறக்கிவிட்டு, சர்வரிலிருந்து அழித்துக்கொண்டிருந்தது. கணினிப் பிரிவு லோகநாதன் வந்து மெயில் செட்டிங்கில் ஒரேயொரு டிக் குறியை எடுத்தான். "அவ்ளோதான் மேடம்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தக் கணினியில் திறக்கப்படாமல் கிடந்த மெயில்களில் ஒன்று, அவளை ஓசூர் கிளைக்கு மாற்றுவதைப் பற்றியது. ஏழு நாளில் மறுப்பு வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும் என்றிருந்தது. கெடு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

ஜெசிந்தா ஒரு வெள்ளைத்தாளில் மறுப்பை எழுதி மேலாளர் வேணுகோபாலின் முன்னால் வைத்தாள்.

"நான் எப்ப சார் சம்மதம்னு சொன்னேன்?"

"வேணாம்னும் சொல்லலையே மேடம்." அவர் தாளைத் தொடவில்லை. "எதுவா இருந்தாலும் மெயில்ல போட்டுடுங்க. பாக்கறேன்."

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"வாங்கிக்கிட்டேன்னு இதுலயே கையெழுத்துப் போடுங்க சார். தேதியோட."

அவர் பேனாவைத் தேடுவதுபோல் மேஜையைத் துழாவினார். அவள் தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.